இடிபாட்டைத் தோண்டும் கை: பனூ இஸ்ராஈலுக்கு எழுதப்பட்ட ஒரு சட்டத்தின் வரலாறு



பதிவு கொஞ்சம் நீளம். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

ஓர் உயிரை வாழ வைத்தவர் மனிதர் அனைவரையும் வாழ வைத்தவர் போலாவார் என்ற கருத்துள்ள அல்குர்ஆன் வசனத்தை நாம் எல்லோரும் அறிவோம். இரத்ததான முகாம் பதாகைகளில் அது இருக்கும். ஜனாஸா வீட்டு உரைகளில் இருக்கும். ஸூரத்துல் மாஇதாவின் 32ஆம் வசனம். ஆனால் அந்த வசனம் எப்படித் தொடங்குகிறது என்பதை நாம் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆதம் (அலை) அவர்களின் இரு மக்களில் ஒருவர் மற்றவரைக் கொன்ற வரலாற்றைச் சொல்லிவிட்டு, இதன் காரணமாகவே பனூ இஸ்ராஈலின் மீது இவ்வாறு விதித்தோம் என்று அல்லாஹ் சொல்கிறான். அதாவது இது அவர்களுக்கு விதிக்கப்பட்டதாக நமக்கு அறிவிக்கப்படுகிறது. அப்படியானால் அவர்களுடைய ஏடுகளில் அது எங்கே இருக்கிறது, அதை அவர்கள் எப்படி விளங்கி வைத்தார்கள் என்று தேடிப் பார்ப்பது நமக்கு வேண்டாத வேலை அல்ல.

யஹூதிகளின் வாய்மொழிச் சட்டங்கள் கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் பலஸ்தீனத்தின் கலிலேயாப் பகுதியில் 'மிஷ்னா' என்ற பெயரில் தொகுக்கப்பட்டன. அதில் நீதிமன்றங்களைப் பற்றிய 'ஸன்ஹெத்ரின்' என்ற பகுதியின் நான்காம் அத்தியாயத்தில், கொலை வழக்கில் சாட்சி சொல்ல வருபவர்களை நீதிபதிகள் எப்படிப் பயமுறுத்த வேண்டும் என்று சொல்லப்படுகிறது. பண வழக்கில் பொய் சொன்னால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். உயிர் வழக்கில் அந்த மனிதனின் இரத்தமும், அவனுக்குப் பிறக்காமல் போகும் சந்ததியின் இரத்தமும் உலகம் முடியும்வரை உன் கழுத்தில் கிடக்கும் என்று சொல்ல வேண்டுமாம். அதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம், கொல்லப்பட்ட ஹாபீலின் இரத்தம் பற்றித் தவ்ராத்தில் வரும் சொல் பன்மையில் இருக்கிறது என்பது. பிறகுதான் ஓர் உயிரைக் காத்தவர் முழு உலகையும் காத்தவர் என்ற கருத்து வருகிறது. காபீல், ஹாபீல் வரலாறு முதலில், உயிரின் பெறுமதி அடுத்து. மாஇதாவில் நாம் ஓதும் அதே வரிசை.

ஒரு விடயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அச்சிட்ட மிஷ்னாப் பதிப்புகள் பலவற்றில் அந்த இடத்தில் "இஸ்ராஈலில் ஓர் உயிர்" என்று இருக்கிறது. பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் "இஸ்ராஈலில்" என்ற சொல் இல்லை. முதல் மனிதர் தனியொருவராகப் படைக்கப்பட்டார் என்பதே அந்தப் பந்தியின் வாதம் என்பதால், சொல் இல்லாத வாசகமே பொருந்துகிறது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அந்த ஒரு சொல்லின் பின்னால் ஒரு பெரிய பிரச்சினை இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

இந்தச் சட்டம் முதலில் உரசிப் பார்க்கப்பட்டது சனிக்கிழமையில்தான். வெள்ளி சூரியன் மறைவிலிருந்து சனி இரவு வரை அவர்களுடைய ஸப்த் நாள். நெருப்பு மூட்டக்கூடாது, எழுதக்கூடாது, வீதியில் பொருள் சுமக்கக்கூடாது என்று 39 வகை வேலைகள் அன்று ஹராம். வேண்டுமென்று மீறுபவருக்கு தவ்ராத்தில் மரண தண்டனை. இவ்வளவு கனமான கட்டளை என்பதை மனதில் வைத்துக்கொண்டால்தான் மற்றது விளங்கும்.

கி.மு. 167ஐ ஒட்டிய காலத்தில் சிரியாவை ஆண்ட கிரேக்க வழி மன்னன் நான்காம் அந்தியோக்கஸ் யஹூதிகளின் மார்க்கத்தையே தடைசெய்தான். பக்திமான்கள் ஒரு கூட்டம் குடும்பத்தோடும் கால்நடைகளோடும் வனாந்தரத்துக் குகைகளுக்குள் ஒளிந்தார்கள். மன்னனின் படை ஒரு ஸப்த் நாளில் அவர்களைத் தாக்கியது. அவர்கள் ஒரு கல்லைக்கூட எறியவில்லை, குகை வாயிலை அடைக்கவும் இல்லை. சுமார் ஆயிரம் பேர் மடிந்தார்கள் என்று மக்கபேயரின் முதல் நூல் பதிந்து வைத்திருக்கிறது. செய்தி கேட்ட மோதிஈன் ஊர் மதகுரு மத்தத்தியாவும் அவருடைய ஆட்களும் துக்கம் கொண்டாடியபின் உட்கார்ந்து பேசினார்கள். நம் சகோதரர்கள் செய்தபடி நாமும் செய்தால் பூமியில் நம்மில் ஒருவரும் மிஞ்சமாட்டோம் என்று சொல்லி, ஸப்த் நாளில் தாக்கினால் திருப்பித் தாக்குவது என்று முடிவெடுத்தார்கள்.

இது பெரிய தத்துவ விவாதத்தில் பிறந்த தீர்ப்பு அல்ல. மையித்துகளைப் பார்த்துவிட்டு எடுத்த தீர்ப்பு. அதுவும் முழுமையாக இருக்கவில்லை. கி.மு. 63இல் ரோமத் தளபதி பொம்பேயி பைத்துல் முகத்தஸை முற்றுகையிட்டபோது, ஸப்த் நாளில் யஹூதிகள் நேரடித் தாக்குதலை மட்டுமே எதிர்ப்பார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு, அந்த நாட்களில் அடிக்காமல் மண்மேடு மட்டும் உயர்த்தினான் என்று வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். மேடு உயர்ந்தது, நகரம் விழுந்தது.

போர்க்களத்திலிருந்து இந்தச் சட்டம் வீட்டுக்குள்ளும் நோயாளியின் கட்டிலுக்கும் வந்து சேர்ந்ததை மிஷ்னாவின் 'யோமா' பகுதியின் எட்டாம் அத்தியாயத்தில் காண்கிறோம். ஒருவர் மேல் கட்டடம் இடிந்து விழுந்துவிட்டது. நாள் ஸப்த். உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா தெரியாது. இருந்தால் உயிரோடா மையித்தா தெரியாது. யஹூதியா வேற்று இனத்தவரா தெரியாது. என்ன செய்வது? தோண்ட வேண்டும். உயிரோடு கண்டால் தொடர்ந்து தோண்டி எடுக்க வேண்டும். மையித்தாகக் கண்டால் ஸப்த் முடியும்வரை விட்டுவிட வேண்டும். சந்தேகத்தின்மேல் சந்தேகத்தின்மேல் சந்தேகம் அடுக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். அத்தனைக்கும் பிறகும் பதில் தோண்டு என்பதே. இந்தச் சட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயரே 'பிக்குவாஹ் நெஃபெஷ்'. முதற் சொல்லின் வேர் இந்த மண்குவியலை அகற்றும் செயலிலிருந்து வந்தது. இரண்டாவது சொல் நமது 'நஃப்ஸ்' தான். அரபும் ஹீப்ருவும் சகோதர மொழிகள் அல்லவா.

தல்மூத் என்ற பெரும் விரிவுரை இதை இன்னும் நுணுக்கமாகப் பார்க்கிறது. தோண்டும்போது எதுவரை பார்த்து மரணத்தை உறுதிசெய்வது? மூக்குவரை, அதாவது மூச்சு இருக்கிறதா என்று. உள்ளே இருப்பவர் இன்னும் சில நிமிடம்தான் இருப்பார் என்று தெரிந்தால்? அந்தச் சில நிமிடத்துக்காகவும் ஸப்தை மீறலாம். கடலில் பிள்ளை விழுந்தால் வலை வீசு. வலையில் மீனும் சேர்ந்து வந்தால் பரவாயில்லை. அறைக்குள் பிள்ளை பூட்டுப்பட்டால் கதவை உடை. யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்காதே, முந்திக்கொள்பவனே பாராட்டுக்குரியவன்.

யார் செய்ய வேண்டும் என்பதில்தான் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. ஸப்தை மீறுவது பாரதூரமான காரியம் என்பதால் சிறுவரையோ வேற்று மதத்தவரையோ கூப்பிட்டு அந்த வேலையைச் செய்விக்கலாமே என்று ஒருவர் நினைக்கக்கூடும். அப்படிச் செய்யாதீர்கள், சமூகத்தின் பெரியவர்களே முன்னின்று செய்யட்டும் என்கிறது தல்மூத். எகிப்தில் வாழ்ந்த மூஸா இப்னு மைமூன் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய தன் சட்டத் தொகுப்பில் இதை அறிஞர்கள், பெரியவர்கள் என்றே குறிப்பிட்டார். காரணம் எளிது. ஆலிம் ஒருவர் தன் கையால் அடுப்பு மூட்டி நோயாளிக்கு வெந்நீர் வைப்பதை ஊர் பார்த்தால், அடுத்த முறை ஒருவரும் தயங்கமாட்டார்கள். இந்த மூஸா இப்னு மைமூன் ஸலாஹுத்தீன் ஐயூபியின் அமைச்சர் அல்காழீ அல்ஃபாழிலின் வைத்தியர், அரபியில் மருத்துவ நூல்கள் எழுதியவர். நோயாளியின் கைநாடி பிடித்துப் பார்த்தவர் எழுதிய சட்டம் என்பது அதை வாசிக்கும்போதே தெரிகிறது.

இதற்கெல்லாம் ஆதாரம் எது என்ற கேள்வியும் எழுந்தது. ரப்பி இஸ்மாயீல், ரப்பி அகீவா, ரப்பி எலஆஸர் பின் அஸர்யா ஆகிய மூவரும் வழிநடையில் போகும்போது இதைப் பேசிக்கொண்டார்கள் என்று தல்மூத் சொல்கிறது. ஒருவர் திருடனைப் பற்றிய சட்டத்திலிருந்து கியாஸ் செய்தார். இன்னொருவர் கத்னாவிலிருந்து: ஓர் உறுப்புக்காகவே ஸப்த் விலகிக்கொடுக்கிறது என்றால் முழு உடம்புக்காக ஏன் கொடுக்காது என்றார். வேறொரு ரப்பியின் வாதம் இன்னும் அழகு: ஒரு ஸப்தை அவனுக்காக மீறு, அவன் பிழைத்துப் பல ஸப்துகளைப் பேணட்டும்.

கடைசியில் ஸமுவேல் என்பவரின் ஆதாரம் வருகிறது. இவர் 3ஆம் நூற்றாண்டில் புராத் நதிக்கரை நெஹர்தஆவில் வாழ்ந்தவர், வைத்தியமும் வானியலும் தெரிந்தவர். கட்டளைகளைக் கைக்கொண்டு மனிதன் வாழ்வான் என்ற கருத்துள்ள தவ்ராத் வசனத்தை எடுத்து, வாழ்வதற்குத்தான், சாவதற்கல்ல என்று விளக்கினார். ஒரு நூற்றாண்டு கழித்து, நாம் மதாயின் என்று அறியும் நகரத்தை அடுத்திருந்த மஹோஸாவின் ரவா என்ற அறிஞர் எல்லா ஆதாரங்களையும் எடைபோட்டார். மற்றவை எல்லாம் நிச்சயமான ஆபத்துக்கு மட்டும் பொருந்துகின்றன, ஸமுவேலின் ஆதாரம் மட்டுமே சந்தேகமான ஆபத்துக்கும் பொருந்துகிறது என்றார். உஸூலுல் பிக்ஹு படித்தவர்களுக்கு இந்தப் பேச்சு முறை அந்நியமாக இராது.

எல்லையும் வைத்தார்கள். ஹத்ரியான் மன்னனின் கொடுமைக் காலத்தோடு இணைத்துச் சொல்லப்படும் ஒரு சபை லித் நகரில் ஒரு வீட்டு மாடியில் கூடி, உயிர் போனாலும் செய்யக்கூடாதவை மூன்று என்று தீர்மானித்தது: சிலை வணக்கம், விலக்கப்பட்ட பாலுறவு, கொலை. கொலை பற்றி ரவாவிடமே ஒருவர் வந்து கேட்டார். இன்ன ஆளைக் கொல், இல்லாவிட்டால் உன்னைக் கொல்வேன் என்று ஊர் அதிகாரி மிரட்டுகிறான், என்ன செய்வது? நீ சாகலாம், கொல்லாதே; உன் இரத்தம் அவனுடைய இரத்தத்தைவிடச் சிவப்பு என்று யார் சொன்னது என்ற கருத்தில் பதில் சொன்னார் ரவா. நமது பிக்ஹிலும் நிர்ப்பந்தம் என்ற காரணம் கொலையை ஹலாலாக்குவதில்லை.

சிலை வணக்கத்தில்தான் நாம் பிரிகிறோம். அம்மார் பின் யாஸிர் (ரழி) சித்திரவதையில் நாவால் சொன்னதும், உள்ளம் ஈமானில் அமைதியுற்றிருக்க நிர்ப்பந்திக்கப்பட்டவருக்கு ஸூரத்துன் நஹ்லில் விலக்கு வந்ததும் நாம் அறிந்ததே. இதிலே நமக்குக் கசப்பான ஒரு பக்கமும் உண்டு. மேற்கில் முவஹ்ஹிதூன்கள் ஆட்சியில் யஹூதிகள் கலிமாச் சொல்லும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். மார்க்கத்தில் நிர்ப்பந்தமில்லை என்ற வசனத்துக்கு மாறாக நடந்த காரியம் அது. அப்போது மூஸா இப்னு மைமூன் தன் சமூகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்: வாயால் ஒரு சொல் சொல்வதைத்தான் கேட்கிறார்கள், அதற்காகச் சாக வேண்டாம், உயிரைக் காத்துக்கொண்டு வாய்ப்புக் கிடைத்ததும் நாட்டை விட்டு வெளியேறுங்கள். பிற்பாடு அவருக்கு இடம் கொடுத்ததும் ஒரு முஸ்லிம் நாடுதான்.

இனி அந்த ஒரு சொல்லுக்கு வருவோம். இடிபாட்டுக்குள் இருப்பவர் வேற்று இனத்தவர் என்று நிச்சயமாகத் தெரிந்தால்? பழைய சட்டத்தின் கண்டிப்பான வாசிப்பில் ஸப்தை மீறும் கடமை யஹூதியின் உயிருக்கே உரியதாக இருந்தது. இதை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் பிரான்சில் வாழ்ந்த மெனாஹெம் மெஈரி, மார்க்க ஒழுங்குகளுக்குக் கட்டுப்பட்டு வாழும் எல்லாச் சமூகத்தாரும் இதில் சமம் என்று எழுதினார். வேறு பலர் பகையைத் தவிர்ப்பதற்காக என்று சொல்லி அதே முடிவுக்கு வந்தார்கள். 1960களில் இந்த விடயம் இஸ்ரேலில் பெரும் சர்ச்சையானபோது அன்றைய தலைமை ரப்பி உந்தர்மன், எந்த மனிதருக்காகவும் ஸப்தை மீறிக் காப்பாற்றுவது கடமை என்றும், சமாதான வழி என்பது சமாளிப்பு அல்ல, தவ்ராத்தின் சாரமே அதுதான் என்றும் எழுதினார். இன்று மார்க்கப் பற்றுள்ள யஹூதி வைத்தியர்கள் சனிக்கிழமையில் எல்லா நோயாளிகளுக்கும் வைத்தியம் செய்கிறார்கள். நியூயோர்க்கின் புரூக்ளினில் 1960களில் தொடங்கிய 'ஹட்ஸாலா' தொண்டர்கள் அன்று வாகனமும் ஓட்டுகிறார்கள்.

வாசிப்பவர்களின் மனதில் ஓடுவது எங்களுக்குத் தெரியும். காஸாவில் தகப்பன்மார் வெறும் கையால் கொங்கிரீட்டைத் தோண்டும் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாம் இதை எப்படி வாசிப்பது? யோமாவின் இடிபாட்டுச் சட்டத்தை வாசிக்கும்போது எங்களுக்கும் அந்தப் படங்களே கண்முன் வந்தன. ஆனால் அந்தச் சட்டத்தை நாம் தூக்கி எறிந்தால், அந்தக் குண்டுகளைக் கேள்வி கேட்க அவர்களுடைய சொந்த ஏட்டிலேயே இருக்கும் அளவுகோலையும் சேர்த்து எறிந்துவிடுகிறோம். 1970களின் இறுதியில் எகிப்தோடு சமாதானம் பேசப்பட்டபோது, பின்னாளில் பெரும் செல்வாக்குப் பெற்ற ரப்பி ஓவாதியா யோசேஃப், நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதால் உயிர்கள் காக்கப்படும் என்று துறைசார்ந்தவர்கள் சொன்னால் கொடுக்கலாம் என்று இதே பிக்குவாஹ் நெஃபெஷ் சட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னார். வேறு ரப்பிமார் கடுமையாக எதிர்த்தார்கள். பிற்காலத்தில் அவருடைய நிலைப்பாடும் இறுகியது. இருந்தாலும் அந்தத் தீர்ப்பு எழுத்தில் இருக்கிறது.

அரசியலை இதோடு விடுவோம். நமது ஊருக்கு மிக நெருக்கமான பகுதி நோன்பு.

யஹூதிகளின் யோம் கிப்பூர் என்பது சுமார் 25 மணித்தியாலம் உண்ணாமல் பருகாமல் இருக்கும் பாவமன்னிப்பு நாள். நோயாளி அன்று சாப்பிட வேண்டுமா என்பதை வைத்தியர் சொல்லட்டும் என்கிறது மிஷ்னா. வைத்தியர் இல்லாவிட்டால் நோயாளியின் சொல்லே போதும். வைத்தியர் வேண்டாம் என்றும் நோயாளி வேண்டும் என்றும் சொன்னால்? நோயாளியின் சொல்லையே கேள், அவனுடைய வேதனை அவனுக்குத்தான் தெரியும் என்கிறது தல்மூத். நோயாளி வேண்டாம் என்றும் வைத்தியர் வேண்டும் என்றும் சொன்னால் வைத்தியரைக் கேள். இரு பக்கத்திலும் உணவின் பக்கமே சாய்கிறது.

1831இல் கொலரா பரவியபோது போஸன் நகர ரப்பி அகீவா ஏகர் தொழுகைக் கூட்டங்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரிக்கும்படி அறிவுறுத்தினார். 2020 மார்ச்சில் நமது பள்ளிவாசல்களில் ஜும்ஆ நின்றபோது மனம் உடைந்தவர்கள் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது. 1848இல் வில்னா நகரில் கொலரா. யோம் கிப்பூர் வந்தது. அவ்வூரின் இஸ்ராயேல் ஸலாந்தர், பலவீனம் உணர்பவர்கள் அன்று சாப்பிடலாம் என்று அறிவித்தல் ஒட்டச் செய்தார். தொழுகை மேடையிலேயே ஏறி எல்லோரும் பார்க்க அவரே சாப்பிட்டுக் காட்டினார் என்றும் ஒரு கதை பல விதமாகச் சொல்லப்படுகிறது. பெரியவர்களே முன்னின்று செய்யட்டும் என்ற அந்தப் பழைய சட்டத்தை அந்த மக்கள் எப்படி நினைவில் வைத்திருந்தார்கள் என்பதற்கு அந்தக் கதையே சாட்சி.

நம்மிடம் இதற்குக் குறைவா? பயணத்தில் தலையில் கல்பட்டுக் காயப்பட்ட ஒரு ஸஹாபிக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்யச் சலுகை உண்டா என்று கூட இருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கிறதே, சலுகை இல்லை என்றார்கள். குளித்தார், இறந்துவிட்டார். அவர்கள் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டதையும், தெரியாவிட்டால் கேட்டிருக்கலாமே என்றதையும் அபூதாவூதில் காண்கிறோம். நமது மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் பின் அப்திஸ்ஸலாம் (மரணம் 1262), நீரில் மூழ்குபவரைக் காப்பது தொழுகையை முந்தும், தொழுகையைப் பிறகு நிறைவேற்றலாம் என்றார். நோன்பாளி நோன்பை விட்டால்தான் அவரைக் காக்க முடியும் என்றால் நோன்பை விடட்டும் என்றார். வயிற்றில் உயிருள்ள சிசுவோடு தாய் மரணித்தால் வயிற்றைக் கிழித்துச் சிசுவை எடுக்க வேண்டும் என்பது ஷாபிஈ பிக்ஹு. ஸப்த் நாளில் அதையே செய்யச் சொன்னவர் முன்பு குறிப்பிட்ட ஸமுவேல்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஒவ்வொரு ரமழானிலும் என்ன நடக்கிறது? சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஊசி போடும் வாப்பாமார், சிறுநீரக வருத்தமுள்ள உம்மாமார், வைத்தியர் வேண்டாம் என்று சொல்லியும் நோன்பு பிடிக்கிறார்கள். அஸர் ஆகும்போது கை நடுங்கி வியர்க்கிறது. இன்னும் கொஞ்ச நேரம்தானே என்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் நாமும் மாஷா அல்லாஹ் என்கிறோம். மக்ரிபுக்கு முன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய வீடுகள் எத்தனை என்பதை அவரவர் ஊரில் எண்ணிப் பார்க்கலாம்.

ஜெருஸலம் தல்மூதில் இதைப் பற்றி ஒரு சுருக்கமான கருத்து உண்டு. உயிராபத்து நேரத்தில் சட்டம் கேட்டுக்கொண்டு நிற்பவன் இரத்தம் சிந்துகிறான், கேட்கப்படும் அறிஞர் இழிவுக்குரியவர். அறிஞர் ஏன்? முன்பே ஊருக்குச் சொல்லி வைத்திருந்தால் அந்த நேரத்தில் ஒருவன் வந்து கேட்க வேண்டி வந்திருக்காதே என்று விளக்குகிறார்கள்.

ஆகவே நமது ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் கதீப்மாரிடமும் ஒரு வேண்டுகோள். ஷஃபானின் ஒரு ஜும்ஆவை இதற்கென்று ஒதுக்குங்கள். யாருக்குச் சலுகை, யாருக்குக் கழா, யாருக்கு ஃபித்யா என்று உதாரணத்தோடு சொல்லுங்கள். குணமாகக்கூடிய நோயாளி பிறகு கழா செய்யலாம். குணமடையும் எதிர்பார்ப்பு இல்லாதவர் நாளொன்றுக்கு ஒரு முத்து அளவு உணவு கொடுக்க வேண்டும். சுமார் 600 கிராம் அரிசி என்று நமது உலமாக்கள் கணக்கிடுகிறார்கள். வீட்டில் இன்சுலின் போடுபவர்கள், இரத்தம் சுத்திகரிக்கப் போய்வருபவர்கள் இருந்தால், கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு ரமழானுக்கு முந்திய தவணையிலேயே வைத்தியரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊரின் மூத்த ஹாஜியார் ஒருவர் தனக்கு வைத்தியர் நோன்பை விடச் சொன்னதை எழும்பி நின்று சொன்னால் இன்னும் நல்லது.

வஸ்ஸலாம்.